இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடி

எந்தப் படமாக இருந்தாலும் பெயர் போடுவதற்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது என் வழக்கம். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் பெயர் ஓடி முடிந்த பிறகு கொட்டகைக்குள் நுழைந்ததில்லை. கேமராமேனுக்கு உதவியாக இருந்தவர் யார், மேக்கப் போட்டவர் யார் என்பதுவரை படித்துவிட்டுத்தான் கதைக்குள் போவேன். இதைச் சொன்னால் பள்ளிபாளையத்தில் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கிறீர்கள், ஐயா. பரவாயில்லை. உங்கள் ஏட்டு மெதுவாகத்தான் எழுதுகிறார், நான் நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன்.

என் பெயர் சண்முகவேல். வயது நாற்பத்தெட்டு. ஆற்றுக்குப் போகிற தெருவில் நூல் கடை வைத்திருக்கிறேன். குடி இல்லை, சீட்டு இல்லை, சினிமா ஒன்றுதான். சினிமா என்றதும் விசிலடிக்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். முதல் நாள் படத்துக்குப் பாலத்தில் நடந்தே ஈரோட்டுக்குப் போய், கட்அவுட்டுக்குச் சூடம் காட்டி, காகிதத்தைக் கிழித்து எறிந்து, கதை என்ன என்று கேட்டால் "சண்ட நல்லாருக்குதுங்க" என்று திரும்பி வருகிற ஜனம் அது. கடலைத் தோலை முன்னால் இருப்பவன் சட்டைக்குள் போடும். கடைசியில் 'வணக்கம்' போடுவதற்குள் எழுந்து செருப்பைத் தேடும். அவர்களுக்குப் படம் காட்டினாலும் ஒன்றுதான், வெறும் வெள்ளைத் துணியைக் காட்டினாலும் ஒன்றுதான்.

போதாததற்கு இது விசைத்தறி ஊர். நாள் முழுவதும் தறிச் சத்தத்துக்குள் நின்று பேசிப் பேசி இவர்கள் தொண்டை அப்படியே ஆகிவிட்டது. தறிக்காரன் ஒருவன் காதோடு ரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டிலிருந்து பதில் வரும். கண்ணுசாமியும் தறிக்காரன்தான்.

கண்ணுசாமி என் மனைவி சௌந்திரத்தின் தம்பி. முப்பத்து நாலு வயது, ராமாயி என்று ஒரு மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் சௌந்திரத்தின் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கல்யாணமான ஆறாவது வருஷம் சௌந்திரத்துக்கு அம்மை போட்டது. உயிர் தப்பியது, பார்வை போய்விட்டது. அதுவரை அவளைச் சினிமாவுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன், அதற்குப் பிறகு நிறுத்திவிட்டேன். கண் தெரியாதவளுக்குக் கொட்டகையில் என்ன வேலை? இதில் கொடுமை ஒன்றும் இல்லை, செவிடனை யாரும் கச்சேரிக்குக் கூப்பிடுவதில்லை. ஆனால் கண்ணுசாமி அவளை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து டூரிங் கொட்டகைக்குக் கூட்டிப் போனான். மணலில் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் வருவதை எல்லாம் அவளுக்குச் சொல்வான். "இப்ப அவ மாடிப்படியில எறங்கறாக்கா. பச்சச் சேல. முகத்தப் பாத்தா அழுதுருப்பா போல." கருப்பு வெள்ளைப் படத்தில் பச்சைச் சேலை எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாள் கேட்டேன். "அக்காவுக்குப் பச்ச புடிக்குமுங்க மாமா" என்றான். இப்படிப்பட்டவனிடம் என்ன பேசுவது?

படம் சோகமாக முடியும் என்றால் அவளுக்குத் தாங்காது. அதனால் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவான். "பயப்படாதக்கா, கடசீல சேந்துருவாங்க." இருபது பேருக்குக் கேட்கும். இருபது பேரும் சந்தோஷப்படுவார்கள். முடிவு தெரிந்த பிறகு அதே படத்தை உட்கார்ந்து பார்க்கிற பிறவிகளும் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு படம் மட்டும் எனக்கு முடிவு தெரியாமல் நின்றுபோயிருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்ல வந்துவிடுவார்கள். எழுபத்தொன்றில் வெப்படைப் பக்கம் கொட்டகை போட்டு ஓட்டினார்கள். ஒரே பெட்டியை இரண்டு கொட்டகையில் காட்டுவார்கள். அங்கே ஒரு ரீல் ஓடி முடிந்ததும் சைக்கிளில் இங்கே கொண்டுவருவார்கள். அன்றைக்குக் கடைசி ரீலோடு வந்த சைக்கிள் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. ரயில் நிலையத்தில் அந்தப் பெண் கையில் கடிதத்தோடு நிற்கிறாள், ரயில் வருகிறது, அவ்வளவுதான். ஜனம் பெஞ்சை உடைத்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் கொட்டகைக்காரன் வேறு படம் போட்டுவிட்டான். அவள் ரயிலில் ஏறினாளா, கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பினாளா என்று பதினைந்து வருஷம் யோசித்திருக்கிறேன். யாரிடமும் கேட்டதில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வைத்திருந்தேன். கண்ணுசாமி அதை ஈரோட்டில் இரண்டு தடவை பார்த்திருந்தான் என்பது எனக்குத் தெரியும்.

டிவி வந்தபோது, இனி நம் வீட்டில் நாம் நிம்மதியாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். தெருவில் முதல் டிவி என்னுடையது. மொட்டை மாடியில் இருபதடிக் குழாய் நிறுத்தி, அதன் உச்சியில் ஆன்டெனா வைத்தோம். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குத் தெருவே கூடத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டு மாதம் பொறுத்தேன், பிறகு கதவைச் சாத்திவிட்டேன். கண்ணுசாமிக்கு மட்டும் சாத்த முடியவில்லை, அவன் பின்வாசல் வழியாக அக்காவைப் பார்க்க வருகிறவன். அவள் டிவிக்கு மிகப் பக்கத்தில் பாயில் உட்காருவாள், அவன் அவளுக்குப் பக்கத்தில். நான் பின்னால் நாற்காலியில். திரையைவிட அவர்கள் இரண்டு பேர் தலைதான் எனக்கு அதிகம் தெரியும். இரண்டும் சேர்ந்து சேர்ந்து சிரிக்கும். என்னோடு உட்கார்ந்து அவள் அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. இதை எழுத வேண்டாம், இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை, பாட்டு நிகழ்ச்சி முடிந்ததும், வருகிற ஞாயிறு என்ன படம் என்று அறிவித்தார்கள். என் படம்தான். நான் கண்ணுசாமியைக் கடைக்கு வரச் சொன்னேன். கோபப்படவில்லை, எடுத்துச் சொன்னேன். இந்தப் படத்தின் முடிவு எனக்குத் தெரியாது, நீ வாயைத் திறக்கக் கூடாது என்றேன்.

"அதுக்கென்னங்க மாமா. காலைலயே வந்து அக்காகிட்டக் கதையப் பூராவும் சொல்லிப்போடறேன். சாயங்காலம் நான் மூச்சுக் காட்ட மாட்டனுங்க" என்றான்.

அவன் அப்படி ஒத்துக்கொண்டது உண்மை. ஞாயிற்றுக்கிழமைக் காலை வந்து, என் காதில் விழக் கூடாது என்று நான் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்த நேரத்தில், சமையலறையில் உட்கார்ந்து அவளுக்கு முழுக்கதையையும் சொல்லிவிட்டான் என்பதும் உண்மை. ஆனால் தறிக்காரன் வாக்கை நம்பி எவ்வளவு தூரம் போக முடியும்? அதனால் சனிக்கிழமையே நான் ஒரு வேலை செய்துவைத்திருந்தேன். ஆன்டெனாக் குழாயைக் கைப்பிடிச் சுவரோடு இரண்டு இரும்புப் பட்டைகள் பிடித்துக்கொண்டிருந்தன. மேல் பட்டையைக் கழற்றிவிட்டேன். துருப்பிடித்துப்போனதால் கழற்றினேன் என்று உங்களிடம் முன்பு சொன்னது பொய். கீழ்ப் பட்டையைத் தளர்த்தி, ஒரு கயிற்றால் கட்டிவைத்தேன். மாடிக்கு நாலடி தள்ளித் தெருவில் கரண்ட் கம்பி போகிறது. குழாய் எவ்வளவு சாய்ந்தால் அதைத் தொடும் என்று பார்த்துவைத்துக்கொண்டேன்.

நான் அவசரப்படுகிறவன் அல்ல. அவன் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தால் இது எதுவும் வேண்டாம், திங்கட்கிழமை பட்டையைத் திரும்ப மாட்டிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அவனுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் அவன் பேசவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் மழை வந்தது. பேச்சு இல்லை, மழைச் சத்தம் மட்டும். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "எண்ணெயில என்னமோ போட்டுப் பொரிக்கறாங்களா கண்ணு?" என்றாள்.

"மழக்கா" என்றான்.

ஒரே ஒரு வார்த்தை என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் எண்ணத் தெரியும்.

நான் எழுந்து டிவிக்குப் பின்னால் போய் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கினேன். திரை முழுக்கப் புள்ளி, உஸ் என்று இரைச்சல். கண்ணுசாமி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான், பேசிவிட்டோமே என்ற வெட்கம். சௌந்திரம் ஒரு முழ தூரத்தில் இருந்தாள். அவளுக்குத்தான் கண் தெரியாதே. காற்றில் குழாய் திரும்பிவிட்டது போல, போய்ப் பார் என்றேன். இது எங்கள் வீட்டில் வாரா வாரம் நடப்பதுதான். அவன் மேலே போய்த் திருப்புவான், நான் ஜன்னல் வழியாகச் சொல்வேன். தப்புச் செய்தவன் மாதிரி வேகமாக ஓடினான்.

"இப்பத் தெரியுதுங்களா மாமா?"

"இல்ல. கயித்த அவுத்துட்டுத் தெருப்பக்கமாச் சாச்சுப் பாரு."

"இப்பங்க?"

"தெரியுது, தெரியுது. இன்னுங் கொஞ்சம் சாச்சுப் புடி மாப்ளே."

"லைன் கம்பி கிட்டக்க வருதுங்க மாமா."

சௌந்திரம் எழுந்து நின்றுவிட்டாள். "போதும் சாமி, எறங்கி வா. படமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்று கத்தினாள்.

"பயப்படாதக்கா, மாமாவுக்கு இன்னைக்கிக் கடசி வரைக்கும் பாக்கோணுமாமா" என்று மேலேயிருந்து சொன்னான்.

"நல்லாத் தெரியுது மாப்ளே. இன்னுங் கொஞ்சம்" என்றேன்.

பிடுங்கிய ஒயர் டிவிக்குப் பின்னால் தரையில் கிடந்தது. அவன் சத்தம் போடவில்லை. மாடியில் ஏதோ விழுந்தது, தெருவில் பட்டென்று ஒரு வெடி, கரண்ட் போய்விட்டது. நான் ஒயரைப் பழையபடி செருகிவிட்டு மாடிக்குப் போனேன். அவசரமாகப் போனதுபோல்தான் போனேன்.

நீங்களும் வந்து பார்த்தீர்கள், விபத்து என்று எழுதிக்கொண்டீர்கள். ரிப்பேர்க்கார வீரபாகு வந்து, "ஆன்டெனாவுல கரண்ட் பாஞ்சும் செட்டு தப்பிச்சது அதிசயமுங்க" என்று நாலு பேர் முன்னால் சொன்னான். அந்த நாலு பேரில் ஒருவர் நீங்கள். ஏன் தப்பித்தது என்று நீங்கள் யோசிக்கவில்லை. உங்கள்மேல் குறை சொல்லவில்லை, படம் பார்க்கிற லட்சணத்தில்தான் ஜனங்கள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்.

யோசித்தது சௌந்திரம். தம்பி மனைவி ராமாயி கையைப் பிடித்துக்கொண்டு நேற்று இங்கே வந்து என்ன சொன்னாள் என்று நீங்கள் படித்துக் காட்டினீர்களே. "படம் தெரியுது தெரியுதுன்னு கத்துனாருங்க. படம் தெரிஞ்சா பேச்சுச் சத்தம் வரோணுமல்லங்க? கடசி வரைக்கும் ஒரே எரைச்சலுங்க. தம்பி கொழாயத் திருப்பறப்பவெல்லாம் எரைச்சல் கூடும், கொறயும். அன்னைக்கி அசையவே இல்லீங்க." அத்தனை நாளும் அவள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது வெட்டியாக என்று நினைத்திருந்தேன். அது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

கண்ணுசாமியைக் கொன்றது நான்தான். ஒயரைப் பிடுங்கியதும், பட்டையைக் கழற்றியதும், கம்பியில் படட்டும் என்று தெரிந்தே சாய்க்கச் சொன்னதும் நான்தான். இவ்வளவையும் நான் சொல்வதற்கு நீங்கள் மிரட்டியது காரணம் அல்ல. மறைத்துவைக்க இனி எனக்கு எதுவும் இல்லை, அந்தப் படத்தை மறுபடி எப்போது போடுவார்களோ, போட்டாலும் நான் எங்கே இருப்பேனோ. கைநாட்டு வேண்டாம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

ஒன்று மட்டும் எழுதிவையுங்கள். அஸ்தியைக் காவேரியில் கரைத்துவிட்டு வந்த அன்று மத்தியானம், அவள் பாயில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவன் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்து அவளுக்கு முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தானே போனான். நான் மரியாதையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியில் அந்தப் பெண் ரயிலில் ஏறினாளா என்று கேட்டேன். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள், சொல்லவில்லை. நேற்றுவரை தினமும் கேட்டேன். இருபத்துநாலு வருஷம் குடித்தனம் செய்த மனுஷனுக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்வதில் அவளுக்கு என்ன குறைந்துவிடும், ஐயா?