குளியல் வீட்டில் சொன்னது

ஆவிக்குளியலுக்கான பிர்ச் மர இலைக்கட்டை நடுக்கோடைத் திருவிழாவுக்கு முன்பே வெட்டிக் கட்டிவிட வேண்டும். தாமதித்து வெட்டினால், முதுகில் இரண்டு தட்டுத் தட்டியதும் இலையெல்லாம் கொட்டிப்போய்க் கையில் வெறும் குச்சி மிஞ்சும். இந்த ஆள் எதற்கு இதைச் சொல்கிறான் என்று பார்க்கிறீர்கள். நீங்கள் ரீகாவில் அடுக்குமாடி வீட்டில் குழாய்த் தண்ணீரில் குளிக்கிறவர். குளியல் வீட்டின் வழக்கம் தெரியாமல் என் வாக்குமூலத்தை எழுதினீர்களானால் பாதிதான் எழுதியதாகும்.

வழக்கம் அப்படியொன்றும் பெரிதில்லை. உள்ளே கெட்ட வார்த்தை பேசக்கூடாது, சண்டை போடக்கூடாது, பொய் சொல்லக்கூடாது. அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும். வெளியே வரும்போது ஆவி தரும் சூட்டுக் கல்லுக்கும் தண்ணீருக்கும் ஒரு நன்றி. எங்கள் ஊரில் குடிகாரனும் இதை மீறமாட்டான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வாய்கூசாமல் பொய் சொல்கிறவன்கூடச் சனிக்கிழமை குளியல் வீட்டில் வாயை அடக்கிக்கொள்வான்.

நான்கு நாளாக நீங்கள் காட்டைப் பற்றியே கேட்கிறீர்கள். நாற்பத்தொன்றாம் வருடம், ஜூலை மாதம், எங்கள் சின்ன ஊரின் யூதக் குடும்பங்கள், முப்பத்தொரு பேர். உங்கள் மேசையில் அதற்குக் காகிதம் இருக்கிறது, பழைய சகா ஒருவனின் சாட்சியும் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. ஆனால் நேற்று எங்கள் ஊர் மில்டா உங்களிடம் சொன்னதை நீங்கள் வாசித்துக் காட்டினீர்களே, அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமில்லை. அதனால் உங்களிடம் காகிதமே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

மில்டாவின் கணவன் ஏவால்ட்ஸ். எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் அவர்களுடையது. என்னைவிட எட்டு வயது சின்னவன், என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். நாற்பத்து மூன்றில் அவனுக்கு ஜெர்மன் படையிலிருந்து அழைப்புச் சீட்டு வந்தது. போகாவிட்டால் சிறை. மருத்துவர் நாக்கை நீட்டச் சொன்னார், எழுத்தர் 'சொந்த விருப்பம்' என்ற கட்டத்தில் தானே பேனாவால் ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான், ஏவால்ட்ஸ் தன்னார்வலன் ஆகிவிட்டான். ஜெர்மன் சீருடை, ஜெர்மன் துப்பாக்கி, ஜெர்மன் மொழியில் கட்டளை. தோளுக்குக் கீழே கையில் நம் கொடியின் நிறத்தில் ஒரு சின்னத் துணி. அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாட்டுக்குச் சூடு போடுற மாதிரி போட்டுட்டானுங்கண்ணே. தொலைஞ்சு போனா யாரு மாடுன்னு தெரியணுமில்ல."

டிவிஷனில் பெரும்பாலும் அப்படிப்பட்ட பையன்கள்தான். உழுதுகொண்டிருந்தவர்களை வயலிலிருந்து அப்படியே இழுத்து வந்திருந்தார்கள். என்னை, ஜெர்மானியருக்காக வேலை பார்த்த துணைப்போலீசிலிருந்து சார்ஜென்ட்டாக மாற்றி அனுப்பினார்கள். அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் நின்றபோது மனசுக்கு லேசாக இருந்தது, பொய் சொல்வானேன். பிற்பாடு வோர்க்குதா சுரங்கத்தில் கைதியாகப் பத்து வருடம் நிலக்கரி வெட்டியபோது யார் கேட்டாலும் "எங்களைக் கட்டாயமா பிடிச்சிட்டுப் போனாங்க" என்று சொல்வேன். என்னைச் சுற்றி இருந்த எல்லோரையும் பொறுத்தவரை அது உண்மை.

நாற்பத்து நான்கு செப்டம்பரில் பின்வாங்கினோம். வெலிகாயா ஆற்றங்கரையில் பாதிப் பேரைப் புதைத்துவிட்டு வந்த கம்பெனி அது. காலில் கட்டும் துணி சேற்றோடு சேர்ந்து தோலாகிவிட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், எங்கள் சொந்த ஊருக்குப் பதினோரு கிலோமீட்டர் முன்னால், ஆள் ஓடிப்போன ஒரு பண்ணையில் தங்கினோம். குளத்தோரம் குளியல் வீடு இருந்தது. உத்தரத்தில் இலைக்கட்டு தொங்கியது, சரியான பருவத்தில் கட்டியது. ஏவால்ட்ஸ் யாரையும் கேட்காமல் அடுப்பை மூட்டிவிட்டான்.

மற்றவர்கள் குளித்துப் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். மேல்பலகையில் படுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "அண்ணே, நாளைக்குக் காலையில நான் இருக்கமாட்டேன். வீட்டுக்குப் போறேன். மில்டா உருளைக்கிழங்கத் தனியாவா தோண்டுவா?"

"ரஷ்யாக்காரன் ரெண்டு நாள்ல வந்துடுவான்டா. உன்னைத் தோண்டிப் புதைச்சுடுவான்" என்றேன்.

"புதைக்கட்டும். சொந்த மண்ணுதானே."

சிரித்தோம். இலைக்கட்டை எடுத்து அவன் முதுகில் நாலு தட்டுத் தட்டினேன். உடம்பில் எலும்புதான் இருந்தது. பிறகு அவனே பேசினான். "அந்த வண்டியத்தான் மறக்க முடியலண்ணே. எங்கப்பா வண்டி. அந்த யூதக் குடும்பங்களோட மூட்டைய ஏத்திக் காட்டுக்குக் கொண்டுபோன்னாங்க, கொண்டுபோனேன். அந்தத் தையக்காரர் பொண்ணு என் பக்கத்துலதான் உக்காந்து வந்துச்சு. குதிரை பேரு என்னன்னு கேட்டுச்சு. இதை வெளிய யார்கிட்டயாவது சொல்லிடணும். இல்லாட்டி என்னால சாகவும் முடியாது."

காட்டில் துப்பாக்கியோடு நின்றவர்களில் நானும் ஒருவன் என்று அவனுக்குத் தெரியும். குதிரையைப் பிடித்துக்கொண்டு இருபதடி தள்ளி நின்றிருந்தான். அன்றைக்கு நான் போட்டிருந்த கோட்டு அந்தத் தையல்காரர் தைத்ததுதான். வரிசையில் நிற்கும்போது அவர் என் கோட்டுக் கையைப் பார்த்து, "பொத்தான் தொங்குதுங்க" என்றார். தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் நானே தைத்துக்கொண்டேன். நீங்கள் எழுதுவதை ஏன் நிறுத்தினீர்கள் என்று தெரியவில்லை. இது ஏவால்ட்ஸுக்கு என்ன தெரியும் என்பதற்காகச் சொன்னது, அவ்வளவுதான்.

அவனிடம் கேட்டேன்: "நீ சொல்றதக் கேக்குறவன், காட்டுல யாரெல்லாம் இருந்தாங்கன்னு கேட்டா, என் பேரச் சொல்லுவியா?"

கல்லில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினான். ஆவி எழுந்து முகத்தை மறைத்தது.

"வெளிய வச்சுக் கேட்டிருக்கலாம்லண்ணே" என்றான். "இங்க வச்சுக் கேட்டா நான் என்ன சொல்றது? கேட்டா சொல்லுவேன்."

குளத்தங்கரையில் உடை மாட்டும்போது கேட்டிருந்தால் "சொல்லமாட்டேண்ணே, போ" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பான். நானும் நம்பியிருப்பேன். அன்றிரவே அவன் ஊருக்கு நடந்துபோயிருப்பான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவனோ கேட்டதற்குப் பதில் சொல்லிக் கெட்டான். நான் கேட்ட இடம் சரியில்லை.

வெளியே வரும்போது அவன் கல்லுக்கும் தண்ணீருக்கும் நன்றி சொன்னான். நானும் சொன்னேன். நேராகக் கம்பெனித் தளபதியிடம் போனேன். ஜெர்மானியர், வயிற்றுவலிக்காரர், எந்நேரமும் சோம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். ஒருவன் தப்பி ஓடப் போகிறான், எந்தப் பாதை என்பதும் எனக்குத் தெரியும் என்று சொன்னேன். "நிச்சயம்தானா" என்று ஒரு தடவைதான் கேட்டார். அவனுடைய பையில் வீட்டு உடுப்பும் மூன்று நாளைக்கான கம்பு ரொட்டியும் இருந்தன. அந்த வாரத்தில் பல கம்பெனிகளில் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். மேலிடத்துக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை களஞ்சியத்தில் ஒரு மேசை போட்டு விசாரித்தார்கள். இருபது நிமிடம். ஏவால்ட்ஸ் எதையும் மறுக்கவில்லை. வண்டியைப் பற்றியும் பேசவில்லை, என் பெயரையும் எடுக்கவில்லை. குளியல் வீட்டில் பேசியதைக் களஞ்சியத்தில் பேசுகிற ஆள் இல்லை அவன்.

அவனைச் சுடுவதற்கு ஆறு பேரைப் பொறுக்கச் சொன்னார்கள். நான்தான் பொறுக்கினேன். எங்கள் ஊர்க்காரர்கள் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அந்த அளவுக்கு எனக்கு மனம் இருந்தது. நான் கண்ணைக் கட்டப் போனபோது ரொம்பத் தணிந்த குரலில் சொன்னான்: "சொந்த மண்ணுக்குப் பதினோரு கிலோமீட்டர்தாண்ணே குறைச்சல். மில்டாகிட்ட சண்டையில செத்தேன்னு சொல்லிடு. அவளுக்கு வெக்கமா இருக்கக்கூடாது."

சொன்னேன். ஐம்பத்தைந்தில் சுரங்கத்திலிருந்து ஊர் திரும்பிய முதல் வாரமே போய்ச் சொன்னேன். ஆற்றங்கரைச் சண்டை, நெற்றியில் ஒரு குண்டு, வலியே இல்லை. அன்றிலிருந்து வருடாவருடம் திருவிழாவுக்குச் சீமைச் சீரகம் போட்ட பாலாடைக்கட்டி செய்து எனக்கு ஒரு பங்கு கொண்டுவருவாள். அவள் புருஷனைக் கடைசியாகப் பார்த்தவன் நான் என்று. "இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்பாள். சொல்வேன். பதினோரு வருடம் சொல்லிச் சொல்லி அந்தக் குண்டு எனக்கே கண்ணால் பார்த்ததுபோல ஆகிவிட்டது. அவளுடைய குளியல் வீட்டுக்கு மட்டும் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. தனியாக இருக்கிற பெண், ஊர்வாய்க்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று நீங்கள் வாசித்தீர்கள். காட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கணவன் உன்னிடம் சொன்னானா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் சொன்ன பதில் இது: "சொன்னாரு. அந்த வாரமே, குளியல் வீட்டுல வச்சுச் சொன்னாரு. அங்க கேட்டத நான் வெளிய சொல்றதில்ல."

அப்படியானால் எனக்குப் பாலாடைக்கட்டி கொண்டுவந்த அத்தனை வருடமும், நான் காட்டில் நின்றது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. ஏவால்ட்ஸைச் சுட்டதால் எதுவுமே மூடிப்போகவில்லை. அவன் ஊருக்குப் போய் உருளைக்கிழங்கு தோண்டியிருக்கலாம். இது எனக்கு நேற்று மத்தியானம்தான் புரிந்தது. அழுகை வந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அழுதேன்.

நீங்கள் மறுபடியும் அந்த முப்பத்தொரு பெயரையும் எடுத்து முன்னால் வைக்கிறீர்கள். வையுங்கள், எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது. அது உத்தரவு, போட்ட வேலை, பகல் சாப்பாட்டுக்கு முன் முடிந்துபோனது. ஆனால் முதல் தாளில் தெளிவாக எழுதிவிடுங்கள், மில்டா படிக்கும்படி: என் வாழ்நாளில் நான் கொன்றது ஒரே ஒரு ஆளைத்தான்.