இடைவெளி கேட்கப் போனவருக்குக் கிடைத்த ஆசி

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னியுங்கள். மூத்தவன் உறங்கி, இளையவள் உறங்கி, என் கை எனக்கே திரும்பக் கிடைத்தபோது ஊர் அடங்கிவிட்டது. பால்குடிப் பிள்ளையோடு மேடையேற முடியாததால், என் பேச்சை என் நாத்தனார் வாசிப்பாள்.

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் வழிபாட்டுக் கூடத்துப் பெரியவர் அவர்களே! நரைத்தும் நெறி வழுவாத மூத்தோரே! மடியில் ஒன்று, தோளில் ஒன்று, மனத்தில் ஓராயிரம் எனச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! வணங்குகிறேன்.

"குடும்பமும் இறைநெறியும்" என்று எனக்குத் தலைப்புத் தந்தீர்கள். நான் பேசப்போவது பொறாமையைப் பற்றி. ஆம், பொறாமை! மாடிவீட்டுத் தையல்காரி மீது எனக்குப் பொறாமை. அவள் கொடியில் கைக்குழந்தையின் ஈரத் துணிகள் இல்லை, பொறாமை! மத்தியானம் கூந்தலை விரித்துப் போட்டுத் தூங்குகிறாள், பொறாமை! என் மூத்தவன் வயதுதான் அவள் மகனுக்கும். ஆனால் அவனுக்கு அம்மாவின் மடி முழுசாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது, தாய்மார்களே!

ஒருநாள் கேட்டே விட்டேன். "அடுத்த பிள்ளையைத் தள்ளிப் போட்டிருக்கீங்களே, உங்க சாமி ஒண்ணும் சொல்லாதாக்கா?"

ஊசியில் நூல் கோத்தபடி சிரித்தாள். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போய் எங்க குருகிட்ட கேட்டோம்டி. 'ரெண்டு பேருக்கும் சம்மதம்னா இடைவெளி விடுங்க. உடம்பும் கடவுள் குடுத்ததுதானே, அதைப் பாத்துக்கறதும் பக்திதான்'னுட்டார். நீங்க கேட்டீங்களா?"

கேட்டோமா? கேட்கத்தான் போனார் என் கணவர்! (நாத்தனாரே, உன் அண்ணன் என்று பார்க்காமல் உரக்க வாசி.) "ரத்தமே இல்லை, மூன்று வருஷத்துக்கு அடுத்த கர்ப்பம் கூடாது, உயிருக்கே ஆபத்து" என்று மருத்துவர் சொன்னதைச் சொல்லப் போனவர், பெரியவரைக் கண்டதும் வாயடைத்துத் தலைகுனிந்து நின்றுவிட்டார். நம் வழக்கம் நீங்கள் அறிவீர்கள்: குனிந்த தலையில் கைவைத்துப் பெரியவர் சொல்லும் சொல்லை அந்த வீடு தட்டக்கூடாது. கூச்சத்தோடு தனியே வந்தவன் பிள்ளைவரம்தான் கேட்கிறான் என்று அவர் நினைத்துவிட்டார்.

வீடு வந்தவரிடம் கேட்டேன். "என்னங்க சொன்னார்?"

"ஆசீர்வாதம் பண்ணிட்டார்."

"எதுக்கு?"

"அடுத்த பிள்ளைக்கு."

சிரியுங்கள், தாய்மார்களே, சிரியுங்கள்! அடுத்த வீட்டுக் கதையாக இருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

அன்றிலிருந்து அவர் முன்னறையில் படுக்கிறார். ஆசியைத் தட்டவும் பயம், என்னை இழக்கவும் பயம். நானோ கல்லூரியில் உயிரியல் படித்தவள். கருத்தடை வளையம் என்ன செய்யும் என்று படம் வரைந்தே விளக்குவேன். அறிவு ஒப்புகிறது, கண்மூடித் தொழும்போது நெஞ்சும் ஒப்ப வேண்டாமா? மாடிக்கு ஒரு வானம், கீழ்வீட்டுக்கு வேறொரு வானமா? அவளை ஓய்வெடுக்கச் சொன்ன கருணை, என்னை மட்டும் செத்துப் பிழை என்றா சொல்லும்?

ஐயா, உங்களைக் குறை சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு விடை தந்துவிட்டீர்கள். கேள்வியை இப்போது நான் கேட்கிறேன், நிமிர்ந்து கேட்கிறேன். (நாத்தனாரே, நீயும் தலையைக் குனிந்துவிடாதே, கைவைத்துவிடப் போகிறார்!) பிறந்துவிட்ட இரண்டுக்கும் தாய் வேண்டும். அதற்காக நான் வளையம் போட்டுக்கொள்ளலாமா, கூடாதா?

அடுத்தவளைப் பார்த்து நான் எரிந்தது போதும். என் பிள்ளைகளோடு நான் நடந்துவரும் அழகைப் பார்த்து நீங்களெல்லாம் பொறாமைப்படும் நாள் வரட்டும்!

பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஐயா, அதற்குள் பதில் சொல்லிவிடுங்கள்.