கொடி முந்தியது, நிறை பிந்தியது

மேடையில் கதிரை கிடைத்த பெரியவர்களே, கிடைக்காமல் மில் முற்றத்தில் நிற்கும் விவசாயிகளே, மகளை இழந்து முன்வரிசையில் இருக்கும் ஞானேஸ்வரி அம்மா! சைக்கிளில் நெல் மூட்டை கட்டி வியாபாரம் பழகி இந்த மில்லுக்கு முதலாளியானவன் நான். மேடைப்பேச்சு வராது. ஆனாலும் அம்மாவின் மகளும் எங்கள் மில்லின் மென்பொருள் பொறியியலாளருமான செல்வி யதுர்ஷிகாவைப் பற்றி நான் பேசாமல் யார் பேசுவது?

காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவில்லை. நெல் நிறுக்கும் எங்கள் தராசுக் கணினியை முழுதாக அறிந்த ஒரேயொருவர் போய்விட்டார்!

அவர் செய்த வேலை என்ன? அந்தச் சிறு கணினிக்குள் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று நெல்லின் நிறையை நினைவகத்தில் எழுதிவிட்டு, ‘நிறை தயார்’ என்று ஓர் அடையாளக் கொடி உயர்த்தும். மற்றது கொடியைக் கண்டதும் நிறையை எடுத்து விவசாயிக்குக் கொடுக்கும் துண்டுச் சீட்டில் அச்சிடும். வீட்டு மடிக்கணினியில் எத்தனை முறை ஓட்டினாலும் சரியாக வந்தது. இங்கே தராசில் பூட்டியதும், விசுவமடுவிலிருந்து நெல்லோடு வந்த கமலேஸ்வரி அக்கா துண்டைப் பார்த்துச் சிரித்தார்.

“தம்பி, இது எனக்கு முன்னால போனவரின்ர நிறையெல்லோ! வாற வழியில என்ர நெல்லு குட்டி போட்டிட்டுதோ?”

முற்றமே சிரித்தது. யதுர்ஷிகா சிரிக்கவில்லை. மில் இரைச்சலுக்குள் தனியே இருந்து தேடிவிட்டு வந்து சொன்னார்:

“அண்ணை, இந்தப் ப்ரொசெசர் நான் எழுதின ஒழுங்கிலயே மற்றப் பக்கத்துக்குக் காட்டாது. கொடி முந்தித் தெரியுது, நிறை பிந்தி வருது. நிறை போய்ச் சேருமட்டும் கொடியை மறிக்க நடுவில ஒரு தடை போட வேணும்.”

போட்டார். சில நாளில் மறுபடியும் அதே பிழை! எழுதும் பக்கத்தில் தடை இருந்தது. வாசிக்கும் பக்கத்தில் போட மறந்திருந்தார். இரண்டு பக்கமும் வேண்டுமாம்.

“இன்னொராள் ஒருக்காப் பார்த்திருந்தா உடன பிடிச்சிருக்கும். எனக்கு ஆர் இருக்கினம் அண்ணை?”

“நான் இருக்கிறன் தானே, பிள்ளை.”

“நீங்கள் தேத்தண்ணி தருவீங்கள். பிழை பிடிப்பீங்களோ?”

அவர் கேட்டது சரிதான். இந்த ஊர் அவரைப் பாராட்டியது; பழுதான போன்களையெல்லாம் திருத்தக் கொடுத்தது. அவர் வேலையைப் பற்றி அவரோடு வாதாட எங்களில் ஒருவராவது இருந்தாரா? அவருடைய அறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். “இந்த வரி ஏன்?” என்று அவரே கேட்பார். அவரே பதில் சொல்வார். பிறகு, “இல்லை, பிழை” என்பார். உள்ளே வேறு யாருமில்லை.

அவர் இடத்துக்கு ஆள் எடுக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். வியாபாரி நான், வெளிப்படையாகச் சொல்கிறேன்: இங்கே இருப்பது ஒருவருக்கான வேலைதான். ஆனாலும் இரண்டு பேரை எடுப்பேன். ஒருவர் எழுதட்டும், மற்றவர் பிழை பிடிக்கட்டும், இருவரும் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கட்டும்! யதுர்ஷிகாவுக்குக் கிடைக்காத அந்தச் சண்டை இந்த மில்லில் இனி நடக்கும். இது நான் இந்தச் சபைக்குத் தரும் வாக்கு.