குறைத்து வைத்த வேகம்

– அந்த சாஃப்ட்வேரைத் திறம்மா.

– எது மாமா?

– என்ன ப்ராசஸர், எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு காட்டுமே... கம்ப்யூட்டர் வாங்கினப்போ போட்டோமே.

– இப்ப எதுக்கு அது? உங்க பிள்ளை வர்ற நேரம். சட்டை மாத்துங்க, வெளியில சாப்பிடப் போறோம். ரெண்டு வாரமா செஸ்ல கம்ப்யூட்டரைப் பொளந்து கட்டுறீங்கல்ல, அதுக்கு விருந்து.

– விருந்து கிடக்கட்டும். திற.

– சரி... திறந்தாச்சு.

– ப்ராசஸர் பேரு காட்டுதா?

– பேரென்ன, ஜாதகமே காட்டுது.

– கிண்டலை அப்புறம் வச்சுக்க. வேகம் எவ்வளவு?

– மூணரை கிகாஹெர்ட்ஸ்.

– கண்ணைத் துடைச்சுட்டுப் பாரு.

– மூணரைதான் மாமா.

– இருக்காது. முக்கால்தான் இருக்கும்.

– அதெப்படி உங்களுக்கு...

– உன் புருஷன் அந்த வெளியூர் வேலைக்குச் சரின்னு சொல்லிட்டானா?

– நாளைக்குக் காலையில சொல்லணும். ஏன் மாமா இழுக்கறீங்க?

– எனக்கு மூளையில ரத்தக்குழாய் அடைச்சு ஆஸ்பத்திரியில கிடந்தப்போ வந்த வேலை அது. அப்பா பழையபடி கம்ப்யூட்டரை ஜெயிக்கட்டும், அப்புறம் கிளம்பறேன்னு உட்கார்ந்துட்டான்.

– தெரிஞ்ச கதைதானே.

– தெரியாததைச் சொல்றேன், குறுக்கே பேசாத. தினமும் தோத்தேன். தினமும் வந்து, யாரு ஜெயிச்சாங்கன்னு கேட்பான். நான் தோத்துட்டேன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க மாட்டான்... சிரிப்பான். அதைத்தான் என்னால தாங்க முடியலை.

– அதனால?

– அதனால... செட்டிங்ஸ்ல போய் ப்ராசஸரோட வேகத்தைக் குறைச்சு வச்சேன். ஒரு காயை நகர்த்த அதுக்குப் பத்து செகண்ட்தான். வேகம் குறைஞ்சா பத்து செகண்ட்ல எவ்வளவுதான் யோசிக்கும்? மக்கு மாதிரி ஆடுச்சு. நான் ஜெயிச்சேன்.

– பலே ஆளு மாமா நீங்க!

– சிரிக்காத. என் மூளை இன்னும் சரியாகலைம்மா. நீயும் அவனோட கிளம்பிடுவ. நாளைக்கு நான் தனியா இருந்து, அடுப்பை அணைக்க மறந்துட்டா... பயமா இருக்கு. நீயே அவன்கிட்ட சொல்லிடு.

– கண்ணாடியைப் போடுங்க. திரையை உங்க பக்கம் திருப்பறேன்.

– மூணரை... இதுல என்னமோ தப்பு. வேகத்தைச் சோதிக்கிற பட்டன் இருக்கும் பாரு. அழுத்து.

– அழுத்தியாச்சு.

– மூணரையிலயே நிக்குதே... யாரு மாத்தினது?

– நான்தான். இந்தக் கம்ப்யூட்டர்ல என் வரைபட வேலை ஓடவே இல்லை, ஒரு கோடு போட்டா ஒரு யுகம் ஆச்சு. என்னடா இதுன்னு இந்த சாஃப்ட்வேரைத் திறந்தேன். முக்கால்னு காட்டுச்சு. யாரோட கைவரிசைன்னு புரிஞ்சுபோச்சு. பழையபடி வேகத்தை ஏத்திவிட்டுட்டேன்.

– எப்ப?

– போன ஞாயித்துக்கிழமை.

– அப்ப... இந்த வாரம் பூரா அது...

– முழு வேகத்துலதான் ஆடுச்சு.

– ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

– நீங்க தோத்ததும் சொல்லலாம்னு இருந்தேன் மாமா. நீங்கதான் இன்னும் தோக்கவே இல்லையே.