தலைமாட்டு அரிவாள்

நாங்கள் அந்தமானில் குடியேறிய புதிது. சாத்தாமிலிருந்து பாம்பூஃப்ளாட் போகும் படகில் எனக்கு முன்பலகையில் இரண்டு பெண்கள். பெரியவள் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்த் தாயையும் சேயையும் குளிப்பாட்டுகிறவள். இளையவள், பிள்ளை பெற்ற தன் அண்ணிக்காகப் பஜாரில் பூண்டும் சுக்கும் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள்.

"ரெண்டு நாளா காய்ச்சல்ல எந்திரிக்கவே முடியல தாயி. இன்னைக்காவது ஒங்க மைனிய குளிப்பாட்டணும்," என்றாள் பெரியவள்.

"என்னக்கா சொல்லுதீய? காலையிலதான வந்து குளிப்பாட்டுனீய?"

"நானா?"

"ஆமா. உள்ள வராம வாசல்லயே நின்னுக்கிட்டு, மைனி தலமாட்டுல இருக்க அரிவாள எடுத்து வெளிய போடச் சொன்னீய. நாந்தான் எடுத்துப் போட்டேன். அதுக்கப்புறந்தான் உள்ள வந்தீய."

பெரியவள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"காத்து கருப்பு அண்டக் கூடாதுன்னு அந்த இரும்ப வச்சதே நான். நானே எடுக்கச் சொல்லுவேனா?"

இளையவள் எழுந்து பாம்பூஃப்ளாட் கரையைப் பார்த்தாள்.

"இப்ப பிள்ள யாருகிட்ட இருக்கு?"

படகு இன்னும் பாதித் தண்ணீரைக்கூடத் தாண்டவில்லை.

"ஒங்க மடியிலதான்க்கா போட்டுட்டு வந்தேன்."