லிஃப்டில் மாட்டிய ஆலோசகர்

“ஹலோ... ஆமா சார், லிஃப்ட் உதவி மையம்தான்... கேக்குது, நல்லாவே கேக்குது. கத்த வேணாம் சார். பட்டனுக்கு மேல சின்னச் சின்ன ஓட்டையா இருக்குல்ல, அதுதான் மைக்... ஆமா, ஆமா. அதுமேல வாயை வைக்க வேணாம், சும்மா நின்ன இடத்துலேருந்தே பேசுங்க... சரி. எங்க நின்னுச்சு?... ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுலயா. சரி, சரி. தனியாதான் இருக்கீங்களா?... ரொம்ப நல்லது. இல்ல இல்ல, மாட்டிக்கிட்டது நல்லதுன்னு சொல்லல சார்... மூச்சு முட்டாது. காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும். எங்க லிஃப்ட்ல மூச்சு முட்டி இதுவரைக்கும் யாரும் செத்ததில்ல... ஐயோ, அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கங்க.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரி சாப்பிடப் போயிருந்தாள்; இவளுடைய சாப்பாட்டு டப்பா பாதி திறந்தபடி மேசையில் இருந்தது. அவள் தாராளமான உடம்புக்காரி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, கம்பெனி கொடுத்த கைப்பிடி வைத்த நாற்காலியை மூலையில் தள்ளிவிட்டு, மேலாளர் அறையில் சும்மா கிடந்த கைப்பிடி இல்லாத பெரிய நாற்காலியை யாரையும் கேட்காமல் உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மேலாளர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இவளைப் போல் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசத் தெரிந்த ஆள் அந்த ஆபீசில் வேறு யாரும் இல்லை.

“ஒரே நிமிஷம் சார். நான் மெக்கானிக்கைக் கூப்பிடறேன், நீங்க லைன்லயே இருங்க... வந்துடுவேன், சத்தியமா வந்துடுவேன்.”

இன்னொரு போனை இடது காதுக்குக் கொடுத்தாள். குரல் தானாகவே கொஞ்சம் இறங்கியது.

“ஏழு? எங்க இருக்கீங்க?... டிவி ஆபீஸ் பில்டிங். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல... ஒருத்தர்தான். நல்லா பயந்து போயிருக்கார்... ஆமா, பக்கம்தான்னு தெரியும், அதான் உங்களைக் கூப்பிட்டேன்... சாப்பிட்டீங்களா?... நானும் இல்ல... சரி, பாத்து வாங்க. வண்டியைப் பறக்க விடாதீங்க.”

மெக்கானிக்குகளுக்கு அங்கே பெயர் கிடையாது, நம்பர்தான். மற்ற நம்பர்களிடம் இடத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் ஏழாம் நம்பருக்கு மட்டும் நடக்கிற தனிச் சேவை. ஆபீஸ் முழுக்க இது தெரியும். ஏழுக்கு மட்டும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டேன் சார்... ஆமா, ஆமா, ஆள் கிளம்பியாச்சு... வைக்க மாட்டேன். நீங்க வெளிய கால் வைக்கிற வரைக்கும் நான் போனை வைக்கக் கூடாது, எங்க வேலையில அதுதான் சட்டம். குளியலறைக்குக்கூடப் போக முடியாது... சிரிச்சீங்க. பாத்தீங்களா, பயம் கொஞ்சம் போயிடுச்சு... வேற யாரும் ஏறலயா சார் உங்ககூட?... ஏறினாங்க... நீங்க இறங்கச் சொன்னீங்க. ஏன்?... தாங்காதுன்னா? மணி அடிச்சுதா?... அடிக்கல. ஒரே ஒரு அம்மாதானே?... ஓ. பாத்தாலே தெரிஞ்சுதா... அது பதிமூணு பேரைத் தாங்கும் சார்... சரி, அவங்க இறங்கினதும் கதவைக் கையால தள்ளி மூடினீங்களா?... அவசரம். ம். அதான் நின்னுடுச்சு. அந்தக் கதவு தானா மூடிக்கும், நம்ம பலத்தைக் காட்டினா கோவிச்சுக்கும்.”

உள்ளே இருப்பவர் தன்மேலேயே தப்பு என்று தெரிந்ததும் மறுபடியும் பதற ஆரம்பித்துவிட்டார். இப்படிப்பட்ட நேரத்துக்கு அவளிடம் ஒரு வழி உண்டு. ஆளுடைய வேலையைப் பற்றிக் கேட்டுவிடுவாள். அதைக் கேட்டால் எப்பேர்ப்பட்ட ஆளும் கதவை மறந்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவான்.

“சார், சார்... இங்க கேளுங்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?... டிவியிலயா? அப்படியா, என்ன நிகழ்ச்சி... இல்ல, நான் அவ்வளவா பாக்கறதில்ல... நேரலையா. இன்னும் கொஞ்ச நேரத்துலயா? அடடா. எதைப் பத்தி...”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“‘பட்டுன்னு சொல்றேன்’ நிகழ்ச்சியா சார்?... அதுல ஆலோசனை சொல்றவரே நீங்கதானா... ஆமா, ஆமா, இப்பத் தெரியுது. லிஃப்டுக்குள்ள குரல் கொஞ்சம் மாறிடுது. டிவியில இப்படி நடுங்காது... இன்னிக்கு என்ன தலைப்பு?... குண்டா இருக்கறவங்க சோம்பேறிங்களா... ம்... ம்... நல்ல தலைப்பு சார்.”

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவள் சிரித்தாள். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, டப்பா மூடியைத் தட்டிவிட்டது. இத்தனை ஆயிரம் லிஃப்டுகள் இருக்கிற ஊரில், இந்த மனிதர் இவள் கையிலா வந்து மாட்ட வேண்டும். சிரித்து முடிந்ததும் கண் எரிந்தது. கோபம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. போன மாதம் அந்த நிகழ்ச்சிக்குப் போன் போட்டவள் அவள். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

“இருக்கேன் சார்... ஒண்ணும் இல்ல, மூடி கீழ விழுந்துடுச்சு... என்னது? என் குரலை வெச்சேவா?... ஒல்லியா, சுறுசுறுப்பா இருப்பேன்னா... கண்டுபிடிச்சுட்டீங்களே சார். பெரிய ஆள்தான் நீங்க... ஆமா, ஆமா, குரல்லயே எல்லாம் தெரிஞ்சுடும்.”

மேசையில் சிவப்புப் பட்டன் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் இணைப்பு போய்விடும். லைன் பழசு, அறுந்துவிட்டது என்றால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. அவளுடைய ஆள்காட்டி விரல் தானாகப் போய் அதன் மேல் உட்கார்ந்தது. ஒரு பத்து நிமிஷம் பேச்சுத் துணை இல்லாமல் தனியாக நிற்கட்டுமே என்று மனசு சொன்னது. ரொம்ப இனிப்பாகச் சொன்னது.

“இருக்கேன்... இருக்கேன் சார். பேசாம இருந்தேன், அவ்வளவுதான்... இல்ல, போகல. அழாதீங்க... வைக்க மாட்டேன்னு சொன்னேன்ல? சொன்னா சொன்னதுதான்.”

விரலை எடுத்துவிட்டாள். பாவமாக இருந்தது. இந்த ஆளுக்காகப் பாவப்பட வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

“சார், பொழுது போகணும்ல, நான் ஒண்ணு கேக்கறேன். போன மாசம் உங்களுக்கு ஒரு பொண்ணு போன் பண்ணா. ஞாபகம் இருக்கா?... எத்தனையோ பேர் பண்ணுவாங்கதான். இவ உங்க ஆளுங்க கேட்டாங்கன்னு முதல்லயே எடையைச் சொன்னா. நூத்துப் பத்து கிலோ... ஆங், இப்ப ஞாபகம் வருது பாருங்க. எடையைச் சொன்னாதான் உங்களுக்கு ஆள் தெரியுது... ஆமா, அவளேதான். ‘முதல்ல கண்ணாடியைப் பாரு, நீ போய் நின்னா எந்த ஆம்பளையும் ஓடிடுவான்’னு சொல்லிட்டு டக்குன்னு லைனை கட் பண்ணீங்க... நல்லா போச்சா? அந்த வாரம் நிறைய பேர் பாத்தாங்களா? சந்தோஷம் சார்... நானா? நான் ஏன் கேக்கறேன்னா... அது நான்தான் சார்.”

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“சார்?... சார், மூச்சு விடறீங்களா?... சத்தமா விடுங்க, எனக்குக் கேக்கணும்... ம், இப்ப சரி... ஐயோ, மெக்கானிக் நிஜமாவே வர்றார் சார். உங்களைப் பழி வாங்க நான் லிஃப்டை நிறுத்தல, நீங்கதான் நிறுத்தினீங்க... கோவமா? இருந்துச்சு. இப்பவும் இருக்கு. ஏன் இல்லாம? ஆனா கோவம் இருக்குங்கறதுக்காகப் போனை வைக்க முடியுமா சார்? நீங்க வெச்சீங்க. என் வேலை வேற.”

இதைச் சொன்னதும் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. ஒரு மாதமாகச் சுமந்த பாரம் இந்த ஒரு வாக்கியத்தில் இறங்கிவிடும் என்று தெரிந்திருந்தால் கண்ணாடியைப் பார்த்தாவது சொல்லிப் பார்த்திருப்பாள்.

“இப்பவா? அன்னிக்குக் கேக்க வந்த கேள்வியை இப்ப கேக்கச் சொல்றீங்களா?... முழுசா கேப்பீங்களா, நடுவுல கட் பண்ண மாட்டீங்கல்ல?... ஆமாமா, உங்களால முடியாது, பட்டன் என்கிட்டதான் இருக்கு. சரி, கேக்கறேன். ஒருத்தரை எனக்குப் பிடிச்சிருக்கு. அவருக்கும் பிடிச்சிருக்குன்னு தோணுது. ஆனா மனுஷன் வாயைத் திறக்க மாட்டேங்கறார். நானே முதல்ல கேட்டுடலாமா? அவ்வளவுதான் சார் கேள்வி. இதுல எடை எங்க வருது?... முதல்ல குறைக்கணும்னு ஆரம்பிக்காதீங்க, லிஃப்டுக்குள்ள இருக்கீங்க... ம்?... என்ன சொன்னீங்க?... தெரியலயா? நிஜமாவே தெரியலயா?... டிவியில இந்த வார்த்தை உங்க வாயிலேருந்து வந்து நான் கேட்டதே இல்ல சார்... ஏன், நீங்க யாரையும் கேட்டதில்லயா?... ஓ... ம்... ஒருத்தங்க இருந்தாங்களா... ம்... ம்... அப்புறம்?... கேக்கறதுக்குள்ள போயிட்டாங்க... இல்ல, அவங்க எப்படி இருந்தாங்கன்னு நான் கேக்க மாட்டேன். எனக்கு எதுக்கு அது... அழுங்க சார், பரவாயில்ல. யாரும் பாக்கல, கேமரா இல்ல அதுல.”

கேமரா இருந்தது. அதற்கான திரை மேலாளர் அறையில் இருந்தது, மேலாளர் விடுப்பில் இருந்தார். அதனால் இதைப் பொய்யில் சேர்க்க வேண்டியதில்லை என்று அவள் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

“சத்தம் கேக்குதா?... மேலேருந்தா? அது நம்ம ஆள்தான். இப்போ ஒரு ஆட்டம் ஆடும், கம்பியைப் பிடிச்சுக்கங்க... ஆடிடுச்சா?... அவ்வளவுதான், நின்னுடும்... கதவு திறக்குதா? கால் தெரியுதா?... பூட்ஸ். பூட்ஸ்ல பெயிண்ட் கறை இருக்கா?... அவரேதான். கையைக் கொடுங்க, குதிக்காதீங்க... மெதுவா... ஆங். வந்துட்டீங்களா?... அப்பாடா. நல்லபடியா போயிட்டு வாங்க சார்... நேரலையில என்ன சொல்லப் போறீங்கன்னு நான் கேக்கல. யாராவது கேள்வி கேட்டா கடைசி வரைக்கும் கேளுங்க, அது போதும் எனக்கு.”

மாட்டிக்கொண்டவரின் வேலை முடிந்தது. லிஃப்டின் வேலை இன்னும் முடியவில்லை. ஆளை வெளியே எடுத்தபின், மெக்கானிக் உள்ளே ஏறி மணியை அழுத்தி, பேச்சு கேட்கிறதா என்று ஒரு தடவை கேட்க வேண்டும். இவள் கேட்கிறது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் கணக்குத் தீரும். மணி அடித்தது. அவள் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

“கேக்குது... ஆமா ஏழு, நல்லா கேக்குது... கதவு சரியாயிடுச்சா?... சரி... ஏழு, வைக்காதீங்க. ஒரு விஷயம்... இல்ல, அடுத்த கம்ப்ளெயின்ட் எதுவும் இல்ல. வேலை விஷயமே இல்ல... மூச்சு வாங்குதா? எனக்கா? உக்காந்துதான் இருக்கேன்... சொல்றேன், இருங்க. நடுவுல பேசாதீங்க, பேசினா எனக்கு வராது... என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மின்விசிறி மட்டும் தலைக்கு மேல் கடகடத்தது.

“ஏழு?... யாரு?... சார், உங்களைக் கேக்கல சார். நீங்க இன்னும் போகலயா?... நேரமாச்சுல்ல, உங்களைத் தேடப் போறாங்க... பதில் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போவீங்களா... என்னது, ஸ்பீக்கர்ல எல்லாருக்கும் கேட்டுச்சா? வெளிய எத்தனை பேர் நிக்கறாங்க?... அந்த அம்மாவுமா? நீங்க இறக்கிவிட்டீங்களே, அவங்களா?... யாரு கை தட்டறது? தட்ட வேணாம்னு சொல்லுங்க, அவர் இன்னும் ஒண்ணுமே சொல்லல... போச்சு. என் மானமே போச்சு.”

போனது என்று வாய் சொன்னதே தவிர, முகம் பூரித்துப்போய்க் கிடந்தது. சாப்பிட்டு முடித்து உள்ளே வந்த பக்கத்து மேசைக்காரி அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். இவள் அவளைப் பார்த்துக் கையால் ‘உஸ்’ என்று காட்டினாள்.

“ம்... சொல்லுங்க ஏழு... ம்... என்னை நேர்ல நல்லா பாத்திருக்கீங்கல்ல?... ரெண்டு தடவை. அன்னிக்கு நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லயே... எழுந்தேனா?... தண்ணி குடிக்க. சரி... ம்... ம்... அப்போலேருந்தா?... அதனாலதான் எல்லா லிஃப்ட்லயும் மூணு மூணு தடவை பேச்சு கேக்குதா கேக்குதான்னு கேட்டீங்களா? மிஷின் பழசுன்னு நினைச்சு மாத்தச் சொல்லி மேலாளர்கிட்ட சண்டை போட்டேன் நான்... சிரிக்காதீங்க... எனக்குப் பயமா இருந்துச்சு, அதான் கேக்கல. உங்களுக்கு என்ன வந்துச்சு?... ம்... ம்... சரி. இருந்தாலும் இன்னும் நீங்க பதில் சொல்லல. அத்தனை பேர் நின்னா நிக்கட்டும். சொல்லுங்க...”

அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. பின்னாலேயே ஒரு கூட்டமே கை தட்டியது. அதில் ஆலோசகரின் கையும் இருந்திருக்க வேண்டும்.

“ம்... இல்ல, கேட்டுச்சு. நல்லாத்தான் கேட்டுச்சு. இன்னொரு தடவை சொல்லுங்க.”

ஏழாம் நம்பர் சொல்ல வாயெடுப்பதற்குள் மேல் மாடியில் யாரோ பொறுமை இழந்து பட்டனை அழுத்திவிட்டார்கள். கதவு தானாக மூடிக்கொள்ள, லிஃப்ட் அவரோடு மேலே போனது, இணைப்பு அறுந்தது. அவள் ரிசீவரை வைக்காமல், ஒன்றும் கேட்காத அந்தப் போனில் “ம்... ம்...” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.