கட்டிலருகே நின்ற படிப்பு

அவையை நடத்தும் கல்லூரி முதல்வர் அம்மையீர் அவர்களே, பெருமைக்குரிய மருத்துவப் பெருமக்களே, முதுநிலைப் படிப்பில் இன்று முதலடி வைக்கும் செவிலிய மணிகளே, மகள் படிக்கட்டும், மருமகன் சமைக்கட்டும் என்று துணிந்து சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் கைக்குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே மனைவியின் கல்லூரியைப் பார்க்க வந்திருக்கும் கணவன்மார்களே, அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் என்று பெயரெடுத்தவன். முதல்வர் அம்மா கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, நன்றியை வைத்துவிட்டு இறங்கிவிடுகிறேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் அடைத்துப் போனவர் பிழைப்பது எப்படி? நெஞ்சில் சொல் இருந்தும் நாவில் சொல் வராதவர் பிழைப்பது எப்படி?

சென்ற ஆண்டு என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்தது, வார்த்தை நின்றது. வார்டில் சன்னலோரக் கட்டில். அங்கே மூத்த செவிலியர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பெரியக்கா. அவர் ஊசி போட்டால் வலிக்காது, பேசினால் வலிக்கும். வார்டுப் பொறுப்புக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். வயதில் இளையவர், இதே கல்லூரியில் முதுநிலை முடித்தவர். அவருக்குப் பெரியக்கா வைத்த பெயர் "பட்டம்".

டியூட்டி முடிந்து போகிறவர், அடுத்து வருகிறவரிடம் நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்க வேண்டும் அல்லவா? அதுவரை அது ஓர் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. இனி ஒவ்வொரு கட்டிலருகேயும் நின்று, நோயாளியின் காதுபடச் சொல்ல வேண்டும் என்றார் பட்டம்.

பெரியக்கா விடுவாரா?

"ஏம்மா, வீட்டுக்குப் போற நேரத்துல கட்டில் கட்டிலா ஊர்வலம் போகணுமா? கொடி பிடிக்கிறது யாரு?"

"நீங்கதான்க்கா. நாங்க பின்னாடி வர்றோம்."

"நக்கலா?"

"இல்லக்கா. இந்த ஒரு வாரம் பாருங்க. சரிப்படலேன்னா நிறுத்திடலாம்னு சூப்பரின்டெண்ட் மேடமே சொல்லிட்டாங்க."

அந்த வாரத்தில் ஒரு மாலை. பெரியக்கா என் மனைவியின் கட்டிலருகே நின்று வேண்டா வெறுப்பாக ஒப்பிக்கிறார். "பிரஷர் சரியா இருக்கு. மருந்து குடுத்தாச்சு. காலைல தண்ணி குடுத்துப் பாத்தேன், நல்லா முழுங்குறாங்க. அடுத்த வேளை சாப்பாட்டை வாயாலயே குடுத்துடலாம்."

என் மனைவி இடக்கையால் கட்டில் கம்பியைத் தட்டினாள்.

"என்னம்மா, ஊர்வலத்துக்கு மேளமா?" என்றார் பெரியக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அவள் மறுபடி தட்டினாள், தொண்டையைத் தொட்டாள்.

பட்டம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தருகே குனிந்தார். "அம்மா, முழுங்கக் கஷ்டமா இருக்கா? ஆமான்னா என் கையை அழுத்துங்க."

அழுத்தினாள். நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்தார். "ஆ சொல்லுங்க" என்றார். தண்ணீர் தொண்டையிலேயே தேங்கி நிற்பதுபோல் கொழகொழவென்று வந்தது குரல். மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். "வாயால எதுவும் குடுக்க வேண்டாம். டாக்டரைக் கூப்பிடுங்க."

மருத்துவர் வந்து பார்த்தார். "சரியாப் பிடிச்சீங்க. அந்தச் சாப்பாடு உள்ள போயிருந்தா நுரையீரல்ல இறங்கியிருக்கும்" என்றார்.

தாய்மார்களே, காலையில் பெரியக்கா பார்த்ததும் பொய்யில்லை. மாலைக்குள் நிலைமை மாறிவிட்டது. மாறியதை அறிந்தவள் அந்த வார்டில் ஒருத்திதான், அவளுக்குத்தான் பேச்சில்லை. கதவைச் சாத்திய அறைக்குள் அந்தப் பேச்சு நடந்திருந்தால், அவள் எதைக் கேட்டுத் தட்டுவாள்? யார் கேட்கத் தட்டுவாள்?

மேற்படிப்பு எதற்கு? மேசை பெரிதாவதற்கா? பெயர்ப்பலகை நீளமாவதற்கா? இல்லை. எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் குனிந்து கேட்பதற்கு. கேட்டதைச் சோதிப்பதற்கு. சோதித்ததைச் சொல்வதற்கு. சொன்னதோடு நில்லாமல், நாளை இன்னொரு கட்டிலில் அது நேராதபடி ஒரு வார்டின் வழக்கத்தையே மாற்றுவதற்கு. அதுவே அறிவு, அதுவே ஆளுமை, அதுவே தலைமை.

வாரக் கடைசியில் சூப்பரின்டெண்ட் வந்து, "நிறுத்திடலாமா?" என்று கேட்டார். பட்டம் வாய் திறக்குமுன் பெரியக்கா சொன்னார்: "எதுக்கு நிறுத்தணும்? யாரு சொன்னது?"

என்ன, முன்வரிசையில் சலசலப்பு? ஆமாம், அந்தப் பெரியக்காவேதான். இன்று புதிதாகச் சேர்ந்த மாணவியர் நடுவே தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். "மேடையில என்னைப் பத்திப் பேசினீங்கன்னா எழுந்து போயிடுவேன் சார்" என்று வாசலிலேயே எச்சரித்தார். பெயரைச் சொல்லவில்லை அம்மா, உட்காருங்கள்.

"இத்தனை அனுபவத்துக்கு அப்புறம் படிப்பு எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"அவங்க தட்டினது எனக்கும் கேட்டுச்சு சார். அடுத்து என்ன பாக்கணும்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுது. எனக்குத் தெரியல. அதான் வந்தேன்."

இதைவிடப் பெரிய வரவேற்புரையை என்னால் தர முடியாது.

இன்று காலை சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டதற்காக என் மனைவி என்னை வாய் நிறையத் திட்டினாள். ஒரு சொல்கூடக் குழறவில்லை. அந்தத் திட்டுக்காக, பெரியக்காவுக்கும் பட்டத்துக்கும், அவர்களை வளர்க்கும் இந்தக் கல்லூரிக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. படிக்க வந்தவர்கள் வாழ்க; பொறுமையாய்க் கேட்டிருந்த அவை வாழ்க. வணக்கத்தோடு விடைபெறுகிறேன்.